அலுமாரிக் கதவு வைத்த கார்



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று என்னைச் சிரிக்கவும் வைத்தது, யோசிக்கவும் வைத்தது. கண்டிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். கணவருக்கு நாற்பத்திரண்டு வயது. புடைவைக் கடை வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுத இருக்கிறாள். வீட்டுக் கூரையை மாற்றவென்று மூன்று வருடமாகச் சேர்த்த காசு கையில் இருக்கிறது. அந்தக் காசில் பழைய ஸ்போட்ஸ் கார் ஒன்றை வாங்கக் கணவர் ஆசைப்படுகிறாராம்.

"மஸ்டா ஆர்.எக்ஸ். 8 என்று பெயர். நாலு கதவு இருக்கிறது, பிள்ளைகளும் ஏறலாம், எஞ்சின் வெறும் 1300 சீசீதான், பெற்றோல் கூடப் போகாது, மற்றக் கார்களை விட விலையும் குறைவு என்கிறார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து தனக்கென்று எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை இந்த மனிதர். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. சரி என்று சொல்லவும் பயமாக இருக்கிறது" என்று முடித்திருந்தார்.

குசினிச் செலவு, மாமி மருமகள் பிணக்கு, பிள்ளைகளின் படிப்பு என்று எழுதி வரும் இந்தப் பக்கத்துக்குக் காரைப் பற்றிக் கேட்டு எழுதியவர் இவர்தான் முதல் ஆள். ஆனால் இவர் சரியான இடத்துக்குத்தான் எழுதியிருக்கிறார். ஏனென்றால் இதே பெயருடைய காரை எனது தம்பி ஆறு வருடம் வைத்திருந்தார். அதன் வரவு செலவு முழுவதையும் அவருடைய மனைவி, அதாவது என் மச்சி, ஒரு எண்பது பக்கக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். இதை எழுதும்போது அந்தக் கொப்பி என் மேசையில் இருக்கிறது.

தம்பி பன்னிரண்டு வருடம் கட்டாரில் இருந்தவர். இருபத்து மூன்று வயதில் போனார். தங்கையின் கல்யாணம், வாப்பாவின் வைத்தியம், வீடு என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டு முப்பத்தைந்து வயதில் திரும்பி வந்தார். பேருவளையில் சிறிய ஹார்ட்வெயார் கடை ஒன்றைத் தொடங்கினார். கடை காலூன்றிய பிறகு, 2018இல், ஒரு நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "தாத்தா, நான் ஒரு கார் பாத்திருக்கேன்" என்றார். அவருடைய முகத்தை நான் பார்த்தேன். பத்து வயதில் வாப்பாவிடம் சைக்கிள் கேட்டபோது இருந்த அதே முகம்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று உம்மாவைத்தான் முதலில் ஏற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நான்கு கதவுகள் என்பது உண்மைதான். ஆனால் பின்கதவுகள் மற்றக் கார்களைப் போலத் திறப்பதில்லை. அவற்றின் பிணைச்சல் பின்பக்கத்தில் இருக்கிறது. முன்கதவைத் திறந்த பிறகுதான் பின்கதவைத் திறக்க முடியும். இரண்டையும் திறந்தால் நடுவில் தூண் எதுவும் இல்லாமல் அகல விரிந்து நிற்கும். உம்மா சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இதென்ன மகன், அலுமாரிக் கதவு மாதிரி?" என்றார். முழங்கால் வலியோடு குனிந்து உள்ளே போவதற்குப் பத்து நிமிடம் ஆனது. ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தியதும், முன்னால் இருந்தவர்கள் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டார்கள். உம்மா உள்ளே அகப்பட்டுக்கொண்டு கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் அதில் ஏறவேயில்லை. "அந்த அலுமாரி" என்றுதான் கடைசிவரை அதற்குப் பெயர்.

ஆகவே சகோதரிக்கு முதல் விஷயம்: நான்கு கதவு என்பதை நம்பி இதைக் குடும்ப வண்டி என்று எண்ணிவிட வேண்டாம். பின்னால் இரண்டு பேர் மட்டுமே இருக்கலாம். சிறு பிள்ளைகளுக்குச் சரி. வயதானவர்களுக்கும் புடைவை கட்டிய பெண்களுக்கும் அது ஒரு சோதனை.

அடுத்தது அந்த 1300 சீசீ. எங்கள் வீட்டிலும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் தம்பி எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். அவர் பொய் சொல்லவில்லை. 654 சீசீ கொண்ட இரண்டு அறைகள் சேர்ந்து 1308 சீசீ. ஆனால் இது சாதாரண எஞ்சின் அல்ல. மற்றக் கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். இதில் முக்கோண வடிவான ஓர் உருளி, நீள்வட்டமான கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். நமது ஆட்டுக்கல்லில் குழவி குழியை ஒட்டிச் சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ விளங்கும். ஜேர்மன் நாட்டவரான பீலிக்ஸ் வாங்கெல் என்பவரின் யோசனை இது. மஸ்டா கம்பனி 1961இல் உரிமம் பெற்று, 1967இல் தனது முதல் சுழல் எஞ்சின் காரை விற்பனைக்கு விட்டது. 1991இல் பிரான்ஸின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை இவ்வகை எஞ்சினோடுதான் வென்றது. ஆர்.எக்ஸ். 8 உற்பத்தியானது 2003 முதல் 2012 வரை. எனவே நம் நாட்டில் இப்போது கைமாறிக்கொண்டிருப்பவை யாவும் வயதான வண்டிகள்.

இந்த எஞ்சின் பெற்றோலை எரிப்பதில் 1300 சீசீ காருக்குச் சொந்தமில்லை. இரண்டு மடங்கு பெரிய எஞ்சினுக்குத்தான் சொந்தம். மச்சியின் கொப்பியின்படி, ஊருக்குள்ளும் காலி வீதியின் நெரிசலிலும் லீற்றருக்கு 6 கிலோமீற்றர். அதிவேகப் பாதையில் 9. அதுவும் ஒக்டேன் 95 பெற்றோல்.

கண்டிச் சகோதரியின் கணவர் மாதம் 500 கிலோமீற்றர் ஓடுவார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போய் வரவும் பிள்ளைகளை ரியூஷனுக்கு ஏற்றி இறக்கவும் அவ்வளவு போகும். கணக்குக்காக ஒக்டேன் 95ஐ 350 ரூபா என்றும், 92ஐ 300 ரூபா என்றும் எடுக்கிறேன். உங்கள் ஊர்ச் செட்டின் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஆர்.எக்ஸ். 8க்கு 83 லீற்றர், அதாவது 29,000 ரூபா. லீற்றருக்கு 14 ஓடும் சிறிய கார் ஒன்றுக்கு 36 லீற்றர், 10,800 ரூபா. வித்தியாசம் மாதம் பதினெட்டாயிரத்துக்கு மேல். வருடத்துக்கு இரண்டு இலட்சத்தைத் தாண்டும். கண்டி மலை ஏற்றத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை.

ஆனால் சகோதரிகளே, பெற்றோல் மட்டும்தான் செலவு என்று நினைத்தால் அங்கேதான் ஏமாந்து போவோம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மச்சி மொத்தம் போட்டிருக்கிறார். ஆறு வருடத்தில் வண்டி ஓடியது 19,000 கிலோமீற்றர். செலவு பதினான்கரை இலட்சம். கிலோமீற்றருக்கு 76 ரூபா வருகிறது. வாங்கிய விலையும், நான் பிறகு சொல்லப்போகும் எஞ்சின் கதையும் இதில் இல்லை. இந்தத் தொகையில் பெற்றோலுக்குப் போனது பாதி கூட இல்லை. காப்புறுதி வருடா வருடம். வருமான அனுமதிப் பத்திரம், புகைப் பரிசோதனை. டயர்கள் தேயவேயில்லை, ஆனாலும் வயது போய் வெடிப்பு விழுந்ததால் நான்கையும் மாற்றினார்கள். பெட்டரி இரண்டு தடவை. நான்கு பிளக், அவற்றுக்கு நான்கு கொயில். பின்னர் கிளட்ச். பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். ஆனால் சாதாரண கார்ச் சாமான்களுக்குத்தான் அந்தப் பேச்சு. தம்பி அங்கே கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஜப்பானிலிருந்து ஆள் மூலம் எடுப்பித்தது பல தடவை.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் வந்து சேரும் செலவுகள் இவை. வண்டி பேசும்போது எவரும் இவற்றை வாய் திறந்து சொல்வதில்லை. "விலை குறைவு" என்று அந்தச் சகோதரியின் கணவர் சொல்கிறாரே, ஏன் குறைவு என்று கேட்டுப் பாருங்கள். வைத்திருக்க முடியாமல் விற்பவர்கள் அதிகம், வாங்குபவர்கள் குறைவு. வேறு காரணம் இல்லை.

இன்னொன்று, எஞ்சின் ஒயில். நம் வீட்டுக் கார்களில் ஒயில் குறைந்தால் ஏதோ கோளாறு என்று பாஸிடம் ஓடுவோம். இந்த எஞ்சின் ஒயிலைக் குடிக்கவென்றே செய்யப்பட்டது. உருளியின் மூன்று நுனிகளிலும் மெல்லிய தகடுகள் இருக்கின்றன. அவை கூட்டை உரசிக்கொண்டு ஓடுவதால், ஒரு சிறிய பம்ப் சொட்டுச் சொட்டாக ஒயிலை உள்ளே விடும். அது பெற்றோலோடு எரிந்து போகும். எங்கள் வண்டிக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர். இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவை கோலை இழுத்துப் பார்க்க வேண்டும். மறந்தால் அந்தத் தகடுகள் தேயும். பிரஷர் குக்கரின் றப்பர் வளையம் பழுதானால் எவ்வளவு நெருப்பு வைத்தாலும் விசில் வராது அல்லவா? இதுவும் அப்படித்தான். தகடு தேய்ந்தால் அழுத்தம் போகும், அழுத்தம் போனால் எஞ்சினே போச்சு.

2019இல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு விருந்து. போட்டிக்கோவில் பாய் விரிக்க வேண்டும் என்று மச்சி சொல்ல, தம்பி காரை ஸ்டார்ட் செய்து இருபது அடி தள்ளி நிறுத்திவிட்டு எஞ்சினை நிற்பாட்டிவிட்டார். மறுநாள் காலை வண்டி அசையவில்லை. சூடேறாத எஞ்சினை உடனே நிறுத்தினால், உள்ளே கூடுதலாகப் போன பெற்றோல் எரியாமல் தங்கி, பிளக்குகளை நனைத்துவிடுமாம். லொறி வைத்து ஏற்றிப் போய், நான்கு பிளக்கையும் கழற்றி உலர்த்தி மாட்டிய பிறகுதான் உயிர் வந்தது. ஆக்சிலேற்றரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற விட்டால் பெற்றோல் வருவது நின்று உள்ளே காயும் என்ற உபாயத்தையும் பாஸ் அன்று சொல்லிக் கொடுத்தார். பிழை வண்டியில் இல்லை. அதன் இயல்பு தெரியாமல் வாங்கியது நாங்கள். பள்ளிக்கூடம், கடை, திரும்ப வீடு என்று சின்னச் சின்ன ஓட்டம் ஓடும் வீட்டுக்கு இது ஆகாது என்பதை அன்றைக்கே விளங்கிக்கொண்டோம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்படியானால் எதற்காக ஆறு வருடம் வைத்திருந்தார்கள்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வீண்விரயம் என்று தம்பியிடம் முகத்துக்கு நேரே சொல்லியுமிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. "தாத்தா, நீங்க ஒருக்கா ஏறுங்களேன்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு ஞாயிறு, சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வெலிப்பென்னையில் அதிவேகப் பாதையில் ஏறினால் காலி பின்னதூவைக்கு ஐம்பது கிலோமீற்றர் அளவு. ஏறும் இடத்தில் பாதை வளைந்து வளைந்து மேலே போகும். அந்த வளைவில்தான் எனக்கு முதன்முதலாக விஷயம் விளங்கியது. மற்றக் கார்களில் நாம் ஒரு பக்கம் சரிந்து கதவோடு ஒட்டிக்கொள்வோம். இது தண்டவாளத்தில் போவதைப் போல வளைந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் பாரம் சரிபாதியாகப் பிரிந்திருப்பதால்தான் அப்படி என்று தம்பி சொன்னார். பிறகு இரண்டாவது கியரில் மிதித்தார். முள் ஏழாயிரம், எட்டாயிரம் என்று ஏறிக்கொண்டே போனது. அதிர்வு இல்லை, அலறல் இல்லை. தையல் மெஷினின் மோட்டார் போல ஒரே சீரான ஓசை. ஒன்பதாயிரம் வரை போகுமாம். அதற்குள் வேகம் நூறை எட்டிவிட்டது. நம் அதிவேகப் பாதையில் சட்டம் அனுமதிக்கும் வேகம் அந்த நூறுதான். ஆறாவது கியரில் போட்டார், முள் மூவாயிரத்துக்கு இறங்கியது. அதற்குப் பிறகு காலிவரை மற்ற எல்லோரையும் போல நூறிலேயே போனோம். இருநூற்றைம்பது குதிரை வலு இருக்கிறதே என்று சொன்னால், பொலிஸ்காரர் தண்டப் பணத்தில் கழிவு தரப் போவதில்லை.

காலிக் கோட்டை மதில் ஓரத்தில் நிறுத்தி, போத்தலில் கொண்டு போன இஞ்சித் தேநீரைக் குடித்தோம். தம்பி அன்று கட்டாரைப் பற்றிப் பேசினார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் பேசாதவற்றை எல்லாம் பேசினார். ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்தது, கைபேசியில் இந்தக் காரின் படத்தை வைத்துக்கொண்டு தூங்கியது, வாப்பாவின் மையத்துக்கு வர முடியாமல் போனது. திரும்பி வரும்போது நான் வீண்விரயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக அது வீண்விரயம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லவும் நான் துணியவில்லை. அது அவரவர் நிலையைப் பொறுத்தது. பிள்ளையின் ரியூஷன் காசில் பெற்றோல் அடித்தால் ஒரு பெயர், மாதம் இரண்டு ஞாயிறு போய் வந்தால் வேறு பெயர்.

அந்த இரண்டு ஞாயிறு என்பது மச்சி போட்ட சட்டம். வண்டி வாங்கி மூன்றாம் மாதம் போட்டது. கடைக்கு மோட்டார் சைக்கிள், குடும்பத்துக்கு வேன், அலுமாரி மாதம் இரண்டு தடவை. நூற்றியிருபது கிலோமீற்றர் ஒரு ஓட்டம் என்றால் இரண்டுக்குமாக முப்பது லீற்றர் வரும். அதற்கென்று ஒரு பிஸ்கட் டின். டின்னில் இருந்தால் ஓட்டம், இல்லாவிட்டால் இல்லை. அந்த எஞ்சினுக்கும் அதுதான் நல்லது. நன்றாகச் சூடேறி, நீளமாக ஓடி, நன்றாகச் சுற்ற வேண்டும் அதற்கு. சட்டம் போட்டவருக்கு இது தெரியாது, ஆனால் சரியாக வந்தது!

பிறகு 2022 வந்தது. அந்த வருடத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜூன் கடைசியில் ஒக்டேன் 92 லீற்றர் 470, 95 லீற்றர் 550 ரூபா. அதற்கும் வரிசை. பெற்றோல் வரிசையில் ஐந்தடி நகர்வதற்கு ஸ்டார்ட் செய்து, உடனே நிறுத்தி, மீண்டும் ஸ்டார்ட் செய்து என்று எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த வண்டிக்கு அது நஞ்சு அல்லவா? ஆகவே தம்பி கியரை விலக்கிவிட்டு, கதவோரம் நின்று தள்ளிக்கொண்டே போனார். ஆயிரத்து முந்நூறு கிலோ. பின்னால் நின்ற முச்சக்கர வண்டிக்காரச் சகோதரர் இறங்கிக் கைகொடுத்தார். "நானா, இது ஓடுற காரா, தள்ளுற காரா?" என்று அவர் கேட்டதில் வரிசையே சிரித்ததாம். பின்னர் கியூ.ஆர். முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றானது. அந்தக் காலம் முழுவதும் அலுமாரி போட்டிக்கோவிலேயே நின்றது. டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனதால், ஜப்பானிலிருந்து எடுப்பிக்கும் சாமான்களின் விலையும் கூடவே ஏறியது.

2023இல் சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுத்தது. குளிரில் உடனே பிடிக்கும். காலிக்குப் போய் நிறுத்தி, தேநீர் குடித்து வந்து திறப்பைத் திருப்பினால் சுற்றும், சுற்றும், பிடிக்காது. அழுத்தப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். பின் உருளியின் மூன்று முகங்களிலும் அழுத்தம் குறைந்திருந்தது. எஞ்சினைப் பிரித்துப் புதிதாக்க பாஸ் சொன்ன தொகை, வண்டி வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

அப்போதுதான் தம்பிக்கு ஒன்று உறைத்தது. வாங்கிய முதல் மாதத்திலேயே சூட்டில் ஸ்டார்ட் ஆக அது நேரம் எடுத்தது. வாங்கும்போது கார் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட்டிப் போயிருந்தார். அவர் சாதாரண கார்களுக்குச் சொல்வதைப் போல, "குளிரில் ஸ்டார்ட் செய்து காட்டுங்கள்" என்று கேட்டுப் பார்த்தார். உடனே பிடித்தது. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தபோது, எஞ்சினை நிறுத்தாமல் ஓடவிட்டபடியே விற்றவர் பேசிக்கொண்டிருந்தார். ஏன் நிறுத்தவில்லை என்று அன்று எவரும் கேட்கவில்லை.

2024இல் வண்டியைப் பார்க்க ஓர் இளைஞர் வந்தார். தம்பி நினைத்திருந்தால் அவரும் எஞ்சினை நிறுத்தாமலே பேசியிருக்கலாம். காலையில் வாருங்கள் என்று சொன்னாலே போதும், எவருக்கும் தெரிந்திருக்காது. அதற்கு முதல் நாள் இரவு வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்ததென்று மச்சி என்னிடம் சொன்னார். "எனக்கு ஒருத்தன் செய்தான், நான் யாருக்கும் சொல்லல்ல" என்று தம்பி வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். மச்சி பதில் பேசவில்லை. காலையில் தேநீர்த் தட்டோடு அந்தப் பரிசோதனைக் கடதாசியையும் கொண்டு வந்து இளைஞரின் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். குறையை மறைத்து விற்ற காசில் சோறு சமைக்க என்னால் முடியாது மதினி என்று எனக்குச் சொன்னார். எஞ்சின் திருத்தும் தொகையைக் கழித்துத்தான் விலை பேசினார்கள். தம்பி மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள் கொப்பியை எடுத்து, விற்ற தொகையைத் தன் கையால் அதில் எழுதியிருக்கிறார். அந்த இளைஞர் எஞ்சினைத் திருத்திவிட்டாராம். எப்போதாவது போட்டோ அனுப்புவார்.

இனிக் கண்டிச் சகோதரிக்கு வருகிறேன்.

கூரைக் காசைத் தொட வேண்டாம். வட்டியோடு லீசிங் எடுத்து இதை வாங்குவதைப் பற்றிப் பேசவும் வேண்டாம். வீட்டுக்கு வேறு வாகனம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்தக் கார் உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். மகளின் பரீட்சை வருடத்தில் பிளக் நனைந்து நிற்கும் காரை நம்பி ரியூஷனுக்குப் போக முடியாது. வேறு வாகனம் இருந்து, கடை வருமானத்தில் கூரை போட்ட பிறகும் மீதம் வந்தால், அப்போது பேசலாம்.

அப்படிப் பேசும் நாளில், பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். வண்டியை அரை மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்கச் சொல்லுங்கள். பிறகு நிறுத்தச் சொல்லுங்கள். பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இழுத்து இழுத்துப் பிடித்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். நன்றாகப் பிடித்தாலும், சுழல் எஞ்சினுக்கென்று உள்ள கருவியால் அழுத்தம் பார்த்த கடதாசி இல்லாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். சாதாரண கருவி ஆறு முகங்களையும் தனித்தனியாகக் காட்டாது. இன்னொன்று, சுழல் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு கார் எஞ்சின் பூட்டிய ஆர்.எக்ஸ். 8களும் நாட்டில் ஓடுகின்றன. பொனட்டைத் திறந்து எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அது பதியப்பட்டிருக்க வேண்டும். அதே புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர் கிடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். காப்புறுதிக்கு எவ்வளவு, எந்தப் பெறுமதிக்குத் தருவார்கள் என்பதை வாங்கும் முன்பே தொலைபேசியில் கேளுங்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறக்கப்பட்டது. ஆனாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய ஸ்போட்ஸ் கார் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத கனி. உங்கள் கணவருக்கு வளைவில் ஓட்டும் சந்தோஷம்தான் வேண்டுமென்றால், பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறிய கார் ஒன்றைக் கியர் வண்டியாகத் தேடச் சொல்லிப் பாருங்கள். சுசுகி சுவிஃப்ட் ஸ்போட் போன்றவை. அதற்குரிய சாமான்களைப் பஞ்சிகாவத்தையில் தேடுவது இவ்வளவு சிரமமாக இராது. அலுமாரியின் ஓசை அதில் வராது என்று என் தம்பி பக்கத்தில் இருந்து முணுமுணுக்கிறார். அதுவும் உண்மைதான்.

நீங்கள் "வேண்டாம்" என்றும் சொல்ல வேண்டாம், "சரி" என்றும் சொல்ல வேண்டாம். ஓர் எண்பது பக்கக் கொப்பியை வாங்கி, முதல் பக்கத்தில் மேலே நான் போட்ட கணக்கை உங்கள் ஊர் விலையில் அவரையே எழுதச் சொல்லுங்கள். என்ன எழுதினார் என்பதை எனக்கும் அறியத் தாருங்கள். எல்லாம் கூடி வந்து, இன்ஷா அல்லாஹ், ஒரு நாள் அந்தக் கார் வாசலுக்கு வந்துவிட்டால், மாமியைப் பின் சீற்றில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.